பொறியில் ஆண் பூச்சி சிக்கினால் படைப்புழு ஒழிந்துவிடுமா?

கொல்லிப்பாவை கதை தெரியும்தானே? அழகைக் காட்டி மயக்கி, நெருங்கி வந்தவரின் உயிரைப் பறிக்கும் கொல்லிமலைப் பெண் உருவம். அந்த மலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கினால் வரும் நாமக்கல் சமவெளியில், ஏறக்குறைய அதே வேலையை ஒரு பிளாஸ்டிக் புனல் செய்கிறது. பெயர், இனக்கவர்ச்சிப் பொறி. இலக்கு, மக்காச்சோளத்தைத் தின்னும் அமெரிக்கப் படைப்புழுவின் ஆண் அந்துப்பூச்சி.

இந்தப் புழு இந்தியாவில் முதலில் தென்பட்டது 2018 மே மாதம், கர்நாடகாவின் சிவமொக்காவில். சில மாதங்களிலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளக் காடுகளுக்குள் புகுந்துவிட்டது. கோழித் தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம்தான். அதனால் நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கும் இது தலைவலி.

சரி, அந்தப் புனலுக்குள் என்ன இருக்கு? பெண் பூச்சி இரவில் வயிற்று நுனியிலிருந்து காற்றில் விடும் வாசனையின் செயற்கை நகல். இப்படிப்பட்ட ஒரு வாசனைப் பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் புட்டனான்ட். 1959-ல் சுமார் 5 லட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து அவருக்குக் கிடைத்தது வெறும் சில மில்லிகிராம்!

அவ்வளவு சொற்ப அளவே ஆணுக்குப் போதும். அதன் உணர்கொம்பில் உள்ள நுண்ணிய முடிகள் இந்த மூலக்கூறுகளைப் பிடிக்கின்றன. மூளையிலும் இதற்கென்றே தனிப் பகுதி உண்டு. ஆனால் வாசனை நேர்கோட்டில் வராது, காற்று அதைத் துண்டுதுண்டாக்கிவிடும். எனவே வாசனை பட்டதும் ஆண் பூச்சி காற்றை எதிர்த்து முன்னே பாயும். விட்டுப்போனால் இடமும் வலமும் அலைந்து, மறுபடி பிடித்ததும் பாயும். பெர்ஃப்யூம் விளம்பரத்தில் காட்டுவதெல்லாம் இங்கே நிஜமாவே நடக்குது!

மலைக்காட்டில் எத்தனையோ வகை அந்துப்பூச்சிகள் இருக்கும்போது, படைப்புழுவின் ஆண் மட்டும் இங்கே வருவது எப்படி? கலவைதான் காரணம். எந்தெந்தப் பொருள், எந்த விகிதத்தில் என்பது இனத்துக்கு இனம் மாறும். விளக்குப் பொறியில் இந்த வசதி கிடையாது, அதில் கண்டதும் வந்து விழும்.

இனிதான் முக்கியமான விஷயம். பொறியில் நாலு பூச்சி விழுந்ததும் வேலை முடிந்ததென்று நினைத்தால் சிக்கல். ஓர் ஆண் பல பெண்களோடு சேரக்கூடியது, எனவே தப்பிய சில ஆண்களே போதும். பக்கத்துக் காட்டில் ஏற்கெனவே இணைசேர்ந்த பெண், பொறியைச் சட்டை செய்யாமல் பறந்து வந்து முட்டையிடும். தன் ஆயுளில் ஒரு பெண் 1,000-க்கும் மேல் இடும். ஏக்கருக்கு 5 பொறி என்பது பெரும்பாலும் கண்காணிப்புக்கான கணக்கு. பூச்சி விழத் தொடங்கினால், இலைகளில் முட்டைக் குவியலைத் தேடி நசுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டதென்று அர்த்தம். புழு குருத்துக்குள் போய்விட்டால் மருந்து எட்டுவதே கஷ்டம்.

பொறி காலியாக இருந்தாலும் உடனே நிம்மதி அடைய வேண்டாம். உள்ளே இருக்கும் கவர்ச்சிக் குப்பியின் வாசனை சில வாரங்களில் தீர்ந்துவிடும். கடைசியாக அதை எப்போது மாற்றினோம் என்று முதலில் பாருங்க.