விட்டுப்போன இரண்டு எண்கள்



கல்லூரி விடுமுறைக்கு வந்த மகளோ மகனோ, "ஜாவா பாடம் புரியவில்லை" என்று முகம் வாடி உட்கார்ந்தால், நமக்கென்ன தெரியும் என்று ஒதுங்கிவிடாதீர்கள். ஜாவா என்பது 1995-இல் வெளிவந்த கணினி மொழி. ஜாவாத் தீவின் காப்பிதான் அந்தப் பெயருக்குக் காரணம். அதில் வரும் ஒரு கணக்கு, பெரட்டுக் களத்தில் நின்றவர்களுக்குப் புதிதல்ல.

இரண்டு டிவிஷன்களின் செக்ரோல் எண்கள் தனித்தனியே வரிசையாக இருக்கின்றன என்று வையுங்கள். ஒன்றில் 3, 8, 15. மற்றதில் 5, 9, 21, 30. இரண்டையும் ஒரே வரிசையாக்க வேண்டும். இப்படிப்பட்ட பட்டியலை ஜாவாவில் 'அர்ரே' என்பார்கள். அதன் நீளம் முதலிலேயே முடிவாகிவிடும். பிறகு கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆகவே மூன்றும் நான்கும் சேர்த்து, ஏழு இடமுள்ள புதிய அர்ரே ஒன்று வேண்டும்.

இனி இரண்டு விரல் போதும். ஒவ்வொரு பட்டியலின் தலையிலும் ஒரு விரலை வையுங்கள். எது சிறிய எண்ணோ அதைப் புதிய பட்டியலில் எழுதி, அந்த விரலை மட்டும் ஓரிடம் நகர்த்துங்கள். இரண்டும் ஒரே எண்ணானால் எதை முதலில் எடுத்தாலும் சரிதான். 3, 5, 8, 9, 15 என்று வந்துவிடும்.

இங்கேதான் பிள்ளைகள் தவறுகிறார்கள். முதல் பட்டியல் தீர்ந்ததும் வேலை முடிந்ததென்று நிறுத்திவிடுகிறார்கள். 21-ம் 30-ம் என்னவாயின? கணினி கூச்சல் போடாது. எண்களுக்கான புதிய அர்ரேயின் ஒவ்வோர் இடத்திலும் ஜாவா முன்கூட்டியே பூஜ்யம் வைத்திருக்கும். கடைசி இரண்டு இடத்திலும் அந்தப் பூஜ்யமே நிற்கும். சம்பளப் பட்டியலாக இருந்தால் இரண்டு வீட்டில் அடுப்பு எரியாது! பெயர் விட்டுப்போய் ஆபீஸ் வாசலில் காத்து நின்றவர்களுக்கு அந்த வேதனை தெரியும். ஒரு பட்டியல் தீர்ந்ததும் மற்றதில் மீந்திருப்பதை அப்படியே இறக்கி எழுத வேண்டும்.

இரண்டையும் ஒன்றாகக் கொட்டி, ஜாவாவிலேயே உள்ள 'சார்ட்' கட்டளையைக் கொடுத்தால் ஆகாதா என்று பிள்ளை கேட்கலாம். ஆகும், விடையும் சரியாகவே வரும். பட்டியல்கள் முன்பே வரிசையில் இல்லாவிட்டால் அதுவே நல்ல வழி. அடுக்கி வைத்ததைக் கலைத்து மறுபடி அடுக்குவானேன் என்பதுதான் என் கேள்வி.

எழுதி முடித்ததும் ஏழு எண்ணும் வந்தனவா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பிறகு முதல் பட்டியலை வெறுமையாக வைத்து ஓட்டச் சொல்லுங்கள். மற்ற நான்கும் குறையாமல் வர வேண்டும்.