துக்கம் கேட்க வந்தவருக்கு ஆறுதல்

துக்க வீட்டுக்குப் போனால் என்ன பேசுவதென்று நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. வாசற்படி ஏறும்போதே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஆனால், துக்கம் கேட்க வந்தவரைத் துக்கப்பட்டவரே தேற்றி அனுப்பியதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பிரேஸில் தேசத்தில் அப்படி நடந்தது. ஒரு கால்பந்துச் சங்கத்தின் கதை அது. "ஐயோ, பந்தாட்டமா!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விளையாட்டு இதில் கால் பங்குதான்.

பிரேஸிலின் தெற்கே, ஸாந்தா கதரீனா மாநிலத்தில், கடலிலிருந்து வெகு தூரம் உள்ளே தள்ளி இருக்கிறது ஷப்பெக்கோ என்ற ஊர். கோழி, பன்றி இறைச்சியைப் பதப்படுத்தும் தொழிற்சாலைகளால் பிழைக்கும் ஊர். 1973-ல் அங்கிருந்த இரண்டு சங்கங்கள் ஒன்றாகி, ஷப்பெக்கொயென்ஸே பிறந்தது. பெயரே ஊரின் பெயர்தான். செல்லமாக 'ஷாப்பே' என்பார்கள். பச்சையும் வெள்ளையும் அவர்கள் நிறம். மைதானத்துக்கு, அந்தப் பிரதேசத்து ஆதிகுடித் தலைவர் கோந்தாவின் பெயர்.

2009-ல் தேசத்தின் நாலாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த கோஷ்டி, படிப்படியாக ஏறி, 2014-ல் முதல் பிரிவுக்கே வந்துவிட்டது! 2016 நவம்பர் 23-ம் தேதி, தென் அமெரிக்கக் கோப்பையின் அரை இறுதி ஆட்டம். கடைசி நிமிஷங்களில் கோலுக்குள் பாய இருந்த பந்தைக் கோல்கீப்பர் டனிலோ காலால் தடுத்தார். ஊரே துள்ளிக் குதித்தது. இறுதி ஆட்டத்துக்கு இடம் கிடைத்துவிட்டதல்லவா?

அந்த ஆட்டத்துக்காக, கொலம்பியாவின் மெடஜீன் நகரை நோக்கி விமானம் ஏறினார்கள். நவம்பர் 28 இரவு, இறங்க வேண்டிய இடத்தை நெருங்கும் சமயத்தில், எரிபொருள் தீர்ந்து விமானம் மலையில் மோதியது. 77 பேரில் 71 பேர் மாண்டார்கள். ஆட்டக்காரர்களில் பிழைத்தவர்கள் மூன்றே பேர். டனிலோ அவர்களில் இல்லை. உடன் சென்ற பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சிக்காரர்களும் 20 பேர் போய்விட்டார்கள்.

சில தினங்களுக்குப் பின், ஊர் மைதானத்தில் டனிலோவின் தாயாரை ஒரு தொலைக்காட்சி நிருபர் பேட்டி கண்டார். அந்த அம்மாள் திருப்பிக் கேட்டாள்: உங்கள் நண்பர்களும் அத்தனை பேர் போய்விட்டார்களே, உங்களுக்கெல்லாம் எப்படி இருக்கிறது என்று. நிருபரால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த அம்மாள் அவரைக் கட்டி அணைத்துக் கொண்டாள். அவர் தோளில் சாய்ந்து விம்மினார். பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள். தேறுதல் பெற்றவரோ அவர்!

எதிர்த்து ஆட இருந்த மெடஜீன் கோஷ்டியும் சளைக்கவில்லை. "கோப்பையை அவர்களுக்கே கொடுத்து விடுங்கள்" என்று கேட்டுக்கொண்டது, அப்படியே வழங்கப்பட்டது. ஆட்டம் நடக்க வேண்டிய அதே வேளையில், மெடஜீன் ஜனங்கள் வெள்ளை உடையும் மெழுகுவத்தியுமாக மைதானத்தை நிறைத்தார்கள்.

பிரேஸிலின் மற்ற சங்கங்கள் இன்னொரு யோசனை சொல்லின: மூன்று வருஷங்களுக்கு, தோற்றாலும் ஷாப்பேயைக் கீழ்ப் பிரிவுக்கு இறக்க வேண்டாம் என்று. ஷாப்பே என்ன சொல்லிற்று தெரியுமா? வேண்டாம் என்றது. மற்றவர்களைப் போலவே ஆடி, ஜயித்தால் இருக்கிறோம், தோற்றால் இறங்குகிறோம் என்பது அவர்கள் நிலை. அன்பை வாங்கிக்கொண்டார்கள், சலுகையை வாங்கிக்கொள்ளவில்லை.

அதற்கு விலையும் கொடுத்தார்கள். புதிதாகச் சேர்த்த கோஷ்டியுடன் 2017-ல் எட்டாவது இடம் பிடித்தவர்கள், 2019-ல் கீழே இறங்கத்தான் நேர்ந்தது. ஆனால் அடுத்த ஆண்டுப் போட்டியிலேயே இரண்டாம் பிரிவின் பட்டத்தை வென்றார்கள். கோப்பையை உயர்த்திய கேப்டன் ஆலன் ருஷெல், அந்த விமானத்திலிருந்து பிழைத்தவர். 2021-ல் மறுபடி சறுக்கல். 2025-ல் மறுபடி ஏற்றம்.

வழுக்கு மரம் ஏறுகிறவனைப் பார்த்திருப்பீர்கள். சறுக்குவதில் அவனுக்கு வெட்கமில்லை. யாராவது ஏணி கொண்டுவந்து சாத்தினால்தான் வெட்கம்.

அடுத்த முறை துக்க வீட்டுக்குப் போகும்போது அந்தத் தாயாரை நினைத்துக்கொள்ளுங்கள். வார்த்தை கிடைக்காவிட்டால் பரவாயில்லை. அவள் கொடுத்ததும் வார்த்தை அல்லவே!