நோயைக் கொண்டுவந்தது யார்?

அமெரிக்காவின் பெரிய நகரங்களில் 1980களில் க்ஷயரோகம் மறுபடியும் தலைதூக்கியது. அப்போது அங்கே இரண்டு விதமான பேச்சு நடந்தது. சின்ன வயதில் தொற்றி நெஞ்சுக்குள் தூங்கிக் கிடந்த பழைய கிருமிதான் இப்போது விழிக்கிறது என்றார்கள் சிலர். பிழைப்புத் தேடி வெளிநாட்டிலிருந்து வந்த ஏழைகள் கொண்டுவந்துவிட்டார்கள் என்றார்கள் வேறு சிலர். இரண்டு பேச்சிலும் ஒரு சௌகரியம் இருந்தது. நகரத்தை ஆள்பவர்கள் மீது எந்தப் பழியும் விழாது அல்லவா?

இந்தப் பேச்சு எவ்வளவு தூரம் உண்மை என்பதைக் கிருமியின் மரபணுவே சொல்லிவிட்டது. மில் தோழர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஸ்பின்னிங் மிஷினில் ஒரு ரோலர் பழுதானால், அதில் ஓடிய நூலிலெல்லாம் ஒரே இடைவெளியில் ஒரே குறை விழும். குறையைப் பார்த்தே எங்கே கோளாறு என்று கண்டுபிடித்துவிடலாம். க்ஷயக் கிருமியும் அப்படித்தான். அதன் மரபணுவில் ஒரு சிறு துண்டு பல இடங்களில் பதிந்திருக்கும். எத்தனை இடம், எந்தெந்த இடம் என்பது கிருமிக்குக் கிருமி வேறுபடும். இரண்டு நோயாளிகளின் சளியில் கிடைத்த கிருமிகள் ஒரே அடையாளம் காட்டினால், அது அண்மையில் ஒரே சங்கிலியில் பரவிய நோய். யாருடைய கிருமியோடும் பொருந்தாவிட்டால் பெரும்பாலும் பழைய தொற்று.

1991, 1992ம் ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோ நகரில் 473 நோயாளிகளின் கிருமிகளை இப்படிப் பரிசோதித்தார்கள். 1994ல் முடிவு வெளியாயிற்று. 191 பேருக்கு நோய் புதிதாகத் தொற்றியது! பத்தில் நாலு பேர்! 44 கூட்டங்கள் தெரியவந்தன. மிகப் பெரிய கூட்டத்தில் 30 பேர். யாரோடு பழகினீர்கள் என்று வழக்கம்போல் விசாரித்ததில் இந்த 191 பேரில் 10 சதவீதத்தினருக்கு மட்டுமே தொடர்பு தெரிந்திருந்தது.

இந்தக் கூட்டங்களில் அகப்பட்டவர்கள் யார்? அறுபது வயதுக்குட்பட்டவர்களில் கறுப்பு மக்களும் ஸ்பானிய வம்சாவளியினரும் அதிகம். அதைவிட முக்கியமான செய்தி, அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள்தான் வெளிநாட்டில் பிறந்தவர்களைவிட அதிகமாக இந்தக் கூட்டங்களில் இருந்தார்கள் என்பது. வந்தவர்களுக்கு நோயே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அவர்களில் பலருடையது பழைய தொற்று. நகரத்துக்குள் புதிதாகப் பரவிக்கொண்டிருந்த நோய் அந்த நகரத்தின் சொந்தச் சரக்கு!

அதே 1994ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலிருந்து வந்த ஆராய்ச்சி இன்னும் பச்சையாகச் சொன்னது. 104 பேரில் 39 பேர் கூட்டங்களில் சேர்ந்தார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 20,000 டாலருக்குக் குறைந்த வட்டாரங்களில் வாழ்ந்தவர்களே அதில் அகப்படுவது அதிகம்.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாத நோயாளிகளால்தான் பெரும் தீங்கு என்று சான் பிரான்சிஸ்கோ விஞ்ஞானிகள் எழுதினார்கள். மருந்தை நிறுத்தினால் நோய் பரவும், இதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் ஏன் நிறுத்துகிறான்? 1988ல் நியூயார்க்கின் ஹார்லெம் வட்டாரத்தில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து மருந்தோடு வெளியே அனுப்பப்பட்ட 178 நோயாளிகளில் 89 சதவீதம் பேர் சிகிச்சையை முடிக்காமலே மறைந்துபோனார்கள். பெரும்பாலோருக்கு நிலையான இருப்பிடமே கிடையாது. படுக்கப் பாய் விரிக்க இடமில்லாதவன் மாத்திரைப் பொட்டலத்தை எங்கே வைப்பான்?

அதற்கு முன்பே, 1972ல், க்ஷய ஒழிப்புக்கென்று தனியாகக் கொடுத்துவந்த மானியத்தை அமெரிக்க மத்திய சர்க்கார் நிறுத்திவிட்டது. நியூயார்க்கில் கிளினிக்குகள் மூடப்பட்டன. 1978ல் 1,307 ஆக இருந்த நோயாளிகள் 1992ல் 3,811 பேர் ஆனார்கள். மிச்சம் பிடித்ததாக நினைத்த பணத்தைப் போல் எத்தனையோ மடங்கு பிறகு கொட்டி அழ வேண்டியதாயிற்று.

இப்போது அந்தக் கிருமியின் மரபணு முழுவதையும், 44 லட்சம் எழுத்துக்களையும், படித்துவிட முடிகிறது. யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியிருக்கும் என்று முன்னைவிட நுட்பமாகச் சொல்ல முடிகிறது. இங்கேதான் நாம் உஷாராக இருக்க வேண்டும். முப்பது பேரில் முதல் ஆள் யார் என்று தேடி அவன் தலையில் பழி போடுவதற்கு இந்தப் பரிசோதனை அல்ல. அந்த முப்பது பேரும் மூச்சு விட்ட அறை எது, அதற்கு ஜன்னல் உண்டா, பக்கத்தில் கிளினிக் உண்டா என்று பார்ப்பதற்கு அது உதவட்டும்.

நியூயார்க்கில் கடைசியில் அதைத்தான் ஓரளவு செய்தார்கள். பணம் ஒதுக்கினார்கள், ஊழியர்களை நியமித்தார்கள். நோயாளி இருக்கும் இடத்துக்கே போய், கண்முன்னால் மருந்தை விழுங்க வைத்தார்கள். 1992க்கும் 1994க்கும் இடையில் நோயாளிகள் தொகை 21 சதவீதம் இறங்கிற்று.