தையல் மேசைக்குப் போகாத கைத்தறித் துணி

ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கும் படைத்துறை உடைத் தொழிற்சாலை 1961இல் வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல். பின்னர் ஏற்றுமதி ஆடை நிறுவனங்களும் அங்கே வரிசையாக வந்தன. வெட்டவும் தைக்கவும் தெரிந்த கைகளுக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமே இல்லை. கொஞ்சம் மேற்கே, வடக்கே போனால் தறிகள். ஆனாலும் அந்தத் தையல் மேசைகளில் விரிவது பெரும்பாலும் மில் துணிதான்.

ஆடை நிறுவனங்களுக்குக் கைத்தறியின் அருமை தெரியவில்லை என்று நம் கூட்டங்களில் குறைபட்டுக்கொள்கிறோம். வெட்டும் பிரிவு மேலாளரிடம் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார். அவருக்குப் பழக்கமான மில் துணி 58 அங்குல அகலம். நம் தறியில் வருவது பெரும்பாலும் 48. பல அடுக்குகளை ஒன்றாக விரித்து வெட்டும்போது ஒரு அடுக்கு அரை அங்குலம் குறைந்தாலும் ஓரத்துச் சட்டைக்கை வீண். ஒருவர் அழுத்தி அடித்த ஊடையும் இன்னொருவர் இளக்கமாக அடித்ததும் துவைத்த பின் ஒரே அளவில் சுருங்காது. சாயத் தொட்டி மாறினால் நிறமும் மாறும். இவற்றைக் கைவேலையின் அழகு என்று கண்காட்சியில் விற்கலாம்; ஆயிரம் சட்டைக்கான ஆர்டரில் முடியாது.

நம் ஊர்த் துணி சட்டையாகிக் கடல் தாண்டியதே இல்லையா என்றால், உண்டு. 1960களில் அமெரிக்க இளைஞர்கள் விரும்பி அணிந்த மெட்ராஸ் கட்டம் கைத்தறிதான். அதன் சாயம் கரைந்தது. அதையே சிறப்பென்று விளம்பரம் செய்து விற்றார்கள். அந்தச் சாமர்த்தியம் இன்றைய தரச் சோதனையில் செல்லாது.

சட்டைத் துணிக்காகச் சேலை நெசவைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்குள். அவர்கள் வீட்டுப் பிள்ளை மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் தேடிக் கம்பெனி பஸ் ஏறினால் யார் குறை சொல்ல முடியும்?

கூட்டுறவுச் சங்கங்கள் சில தறிகளையாவது மீட்டர் துணிக்கென ஒதுக்கலாம். ஒரே லாட்டில் சாயமிட்ட நூல், அங்குலத்துக்கு இத்தனை ஊடை என்ற கண்டிப்பு, அனுப்பும் முன் ஒரு நனைப்பு ஆகியவை சங்கத்தின் பொறுப்பு. 58 அங்குலத்துக்குத் தறியை அகலமாக்கினால் அச்சும் பலகையும் மாற வேண்டும். நாடா ஓடும் தூரம் கூடும், தோள் வலிக்கும். அந்தச் செலவை நெசவாளர் தலையில் கட்டக் கூடாது. மீட்டர் கூலி பேசும்போது, தார் சுற்றும் பெண்ணின் உழைப்பையும் தனி வரியாக எழுதிச் சேர்த்துக்கொண்ட பிறகே ஆடை நிறுவனத்திடம் விலை சொல்ல வேண்டும்.