சான்று காட்ட வேண்டியவர் யார்?

தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்கும் பாலக்காடு மாவட்டத்து எலப்புள்ளி ஊராட்சியில் 2025 நவம்பரில் இரண்டு வாக்காளர் பட்டியல்கள் நடமாடின. ஒன்று, மாநிலத் தேர்தல் ஆணையம் தயாரித்தது. அதைக் கொண்டுதான் டிசம்பர் 11 அன்று உள்ளாட்சித் தேர்தலில் மக்கள் வாக்களித்தார்கள். மற்றொன்று, சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களுக்காக இந்தியத் தேர்தல் ஆணையம் வைத்திருப்பது. அதில் ஏற்கெனவே பெயர் உள்ளவர்களிடமே நவம்பர் 4 முதல் படிவம் நீட்டப்பட்டது: 2002ஆம் ஆண்டுப் பட்டியலில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? ஒரு பட்டியலின்படி வாக்காளர். மறு பட்டியலின்படி ஐயத்திற்குரியவர். இதற்குப் பெயர் சிறப்புத் தீவிரத் திருத்தமாம்!

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து இருபது ஆண்டுகளுக்கு முன் எலப்புள்ளிக்கு வாக்கப்பட்டு வந்த ஒரு விவசாயத் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். 2002இல் அவருக்குப் பதினெட்டு வயது நிறையவில்லை. எனவே தாய் தந்தையரின் பெயரைத் தமிழ்நாட்டின் பழைய பட்டியலில் தேடியாக வேண்டும். அங்கே சில தொகுதிகளுக்கு 2002, வேறு சிலவற்றுக்கு 2005. பின்னர் வந்த மறுவரையறையில் தொகுதிகளே மாறிப்போயின. பாகம் எண்ணும் வரிசை எண்ணும் யாருக்கு நினைவிருக்கும்? தேடிக் கண்டுபிடித்தாலும் அந்தப் பட்டியல் தமிழில், இவருடையது மலையாளத்தில். தமிழுக்கு ‘ப’ ஒன்றே. மலையாளத்தில் அந்த இடத்தில் நான்கு எழுத்துகள். எழுத்தர் எதைத் தேர்ந்தாரோ அதுவே பெயர். தலைப்பெழுத்து அங்கே தந்தையுடையது, இங்கே கணவருடையது. கூலியை இழந்து அவர் எத்தனை அலுவலகப் படி ஏறுவார்? படிவம் சுமந்து வந்த வாக்குச்சாவடி நிலை அலுவலரைக் குறை சொல்வதற்கில்லை. இலக்கு என்னும் பாரம் அவர் தலையிலும் இருந்தது.

இறந்தவர் பெயரையும் இரட்டைப் பதிவையும் நீக்க வேண்டாமா என்று கேட்கிறார்கள். நீக்கட்டும். ஆண்டுதோறும் நடக்கும் சுருக்கத் திருத்தமும் ஏழாம் எண் படிவமும் அதற்குத்தானே இருக்கின்றன? அந்த வழியில், நீக்கக் கோருபவர் காரணம் காட்ட வேண்டும். புதிய வழியில், நீக்கப்படக் கூடாதவர் சான்று காட்ட வேண்டும். பட்டியலில் இடம்பெற்றுவிட்ட ஒருவரைத் தக்க விசாரணையின்றி நீக்கக் கூடாது என்று லால் பாபு உசேன் வழக்கில் 1995லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பாரம் தலைகீழாகப் புரட்டப்பட்டது.

பீகாரில் நடந்தது கண்முன் உள்ளது. ஆகஸ்ட் 1 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர்கள் இல்லை. யார், என்ன காரணம் என்பதை வெளியிடக்கூட ஆணையத்துக்கு ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. ஆணையர் தேர்வுக் குழுவிலிருந்து தலைமை நீதிபதியை அகற்றிய 2023ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் இந்தத் துணிச்சலின் ஊற்றுக்கண் புரியும்.

முதல் பொதுத்தேர்தலின்போது தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டுமே பதிந்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து விடுபட்டன. 2025இல் எலப்புள்ளிப் பெண் தன் பெயரைச் சொல்லத் தயங்கவில்லை. சொன்ன பெயரை நம்ப ஆணையம்தான் தயங்கியது.

இத்திருத்தத்துக்கு எதிராகக் கேரளச் சட்டமன்றம் செப்டம்பர் 29 அன்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. உள்ளாட்சித் தேர்தல் முடியும்வரையேனும் தள்ளிவையுங்கள் என்ற கோரிக்கைக்கும் ஆணையம் செவிசாய்க்கவில்லை. எல்லையோர ஊராட்சிகளில் தோழர்கள் அப்போது செய்ய வேண்டியிருந்த வேலை, இரு மாநிலங்களின் பழைய பட்டியல்களையும் கையில் வைத்துக்கொண்டு, படிவம் நிரப்பத் தெரியாதவர்களின் வாசலில் மாலை வேளைகளில் போய் உட்காருவது.