நெகட்டிவில் பதிந்ததுதான் வரும்

குத்தாலத்துப் பீரோக்களில் இன்னும் எத்தனையோ நெகட்டிவ் சுருள்கள் கிடக்கின்றன. கல்யாணம், சீமந்தம், கும்பாபிஷேகம். ஸ்கேன் செய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை டிபிஐ வேணும்?" என்றுதான்; அதாவது, அங்குலத்துக்கு எத்தனை புள்ளி. பெட்டியில் 6400 என்று போட்ட ஸ்கேனர் வாங்கும்வரை வேலையைத் தள்ளிப்போடுகிறார்கள். நெகட்டிவ் அதுவரை காத்திருக்காது.

35 மி.மீ. நெகட்டிவ் ஒன்றின் அளவு 24-க்கு 36 மி.மீ. 4000 டிபிஐயில் எடுத்தால் சுமார் 2.1 கோடி பிக்சல். முக்காலியில் நிறுத்தி, நல்ல லென்ஸில், வேகம் குறைந்த பிலிமில் எடுத்த படத்துக்கு அது தகும். மண்டபக் கூட்டத்தில் கையில் பிடித்து எடுத்த கல்யாணப் படத்தில் அவ்வளவு நுணுக்கம் பதிந்தே இருக்காது. அதற்கு 2400 போதும். 8-க்கு 10 அங்குலப் பிரிண்ட் தெளிவாக வரும். மேலே போகப் போக பிலிமின் துகள்கள்தான் பெரிதாகத் தெரியும். பழைய ஸ்டுடியோக்களின் 120 ரோல் சதுர நெகட்டிவ் இன்னும் பெரியது, 2400-லேயே 2.8 கோடி பிக்சல் தந்துவிடும். தட்டை ஸ்கேனர்களில் பல, பெட்டியில் போட்ட எண்ணில் பாதியைக்கூட உண்மையில் எட்டுவதில்லை. நெகட்டிவ் தொலைந்து பிரிண்ட் மட்டும் இருந்தால் 600 டிபிஐ தாராளம்.

எத்தனை டிபிஐ என்பதைவிட, படம் பத்திரமாக இருப்பதே முக்கியம் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே அனந்தமங்கலம் இருக்கிறது. அங்கே ராஜகோபால சுவாமி கோயிலிலிருந்து ராமர், சீதை, லட்சுமணர் செப்புத்திருமேனிகள் 1978-ல் களவு போயின. 2020-ல் லண்டனில் அவை இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அவை நம்முடையவை என்று நிரூபித்தவை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1958-லேயே எடுத்துவைத்த படங்கள். டிபிஐ என்ற பேச்சே இல்லாத காலம் அது. யாரோ போய் எடுத்தார்கள், யாரோ அறுபது வருஷம் பத்திரமாக வைத்திருந்தார்கள், சாமி ஊர் திரும்பினார்.

நம் பீரோக்களிலோ, காவிரிக் கரை ஈரத்தில் பிலிமின் ஜெலட்டின் பூச்சு மீது பூஞ்சை ஏறும். அசிட்டேட் பிலிம் புளித்த வாடை அடித்தால் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். பூஞ்சை தின்ற முகத்தை எந்த ஸ்கேனரும் மீட்டுத் தராது.

ஐப்பசி அடைமழைக்கு முன், கையில் கிடைக்கும் ஸ்கேனரில் 2400 வைத்து, டிஃப் கோப்பாக எடுத்துவிடுங்கள். யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். ஸ்கேன் முடிந்ததென்று நெகட்டிவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.