"வரி கட்டுவது நாம், இலவசம் வாங்குவது அவர்கள்"

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் பல்கலைக்கழக ஓய்வறைகளிலும் கருத்தரங்க இடைவேளைகளிலும் இந்த வாக்கியம் தவறாமல் ஒலிக்கிறது. தமிழின் 'நாம்' கேட்பவரையும் உள்ளடக்கும் பன்மை. பேசுபவர் தேநீர் அருந்தும் எதிரிருக்கைக்காரரைத் தம்முடன் சேர்த்துக்கொள்கிறார். அதே அறையைக் கூட்டிக்கொண்டிருக்கும் பெண்ணை 'அவர்கள்' ஆக்கிவிடுகிறார். வாக்கியத்தின் இரு பாதிகளுமே பொய் என்பதைக் கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் அறியலாம்.

முதலில் 'இலவசம்'. 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கை, புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரியில்லை என அறிவித்தது. சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவும் சேர்வதால் வரம்பு 12,75,000 ஆகிறது. அந்த அளவு ஊதியம் பெறும் உதவிப் பேராசிரியர் முந்தைய ஆண்டில் 80,000 ரூபாய் வரியும், அதன்மேல் 4 விழுக்காடு கூடுதல் தீர்வையும் கட்ட வேண்டியிருந்தது. இப்போது ஒன்றுமில்லை. மாதந்தோறும் 6,600 ரூபாய்க்கு மேல் அவர் வீட்டுக்குக் கூடுதலாகச் செல்கிறது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். ஒருவருக்கு விட்டுக்கொடுக்கப்பட்ட வரி, ஆறு பெண்களுக்கு ஓராண்டு முழுவதும் வழங்கும் தொகையைக் காட்டிலும் பெரிது. முன்னதன் பெயர் நிவாரணம். பின்னதன் பெயர் இலவசம். இரு வீடுகளின் வரவுக் கணக்கிலும் இரண்டும் ஒரே பக்கத்தில்தான் பதிவாகின்றன.

அந்த வரிக்குறைப்பால் நேர்முக வரியில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி ரூபாய் துறக்கப்படும் என நிதியமைச்சர் தம் உரையிலேயே கூறினார். அதே ஆண்டு பி.எம். கிசான் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது 63,500 கோடி. எனினும் எந்த ஓய்வறையும் வரிக்குறைப்பை 'ரேவடி' என்று பழித்ததாகச் செய்தியில்லை.

"அது அவர் உழைத்துச் சம்பாதித்த பணம், அதை அவரிடமே விடுவது எப்படி இலவசமாகும்?" என்பர். அப்படியெனில் கூட்டுபவரின் பணமும் அவர் உழைத்துச் சம்பாதித்ததுதான். அவர் 299 ரூபாய்க்குக் கைப்பேசியை ரீசார்ஜ் செய்தால் அதில் ஏறக்குறைய 45 ரூபாய் சரக்கு மற்றும் சேவை வரி. 2017 ஜூலை முதல் 2025 செப்டம்பர் வரை குளியல் சோப்புக்கும் அவர் 18 விழுக்காடு கட்டினார். வருமான வரிக்கு 12 லட்சம் என்றொரு வரம்பு உண்டு. இவ்வரிக்கு அத்தகைய வரம்பேதும் இல்லை. துணைவேந்தரும் தூய்மைப் பணியாளரும் ஒரே விழுக்காட்டையே கட்டுகின்றனர். வருமானம் முழுவதையும் செலவிட்டே வாழவேண்டிய வீட்டில் அதன் பாரம் மிகுதி. ஆக, வாக்கியத்தின் முதல் பாதியும் நிற்கவில்லை.

விலைவாசியைச் சேர்த்தால் கணக்கு இன்னும் கசக்கும். மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை, சனவரியிலும் சூலையிலும், திருத்தப்படுகிறது. 2019இல் ஆண்டுக்கு 6,000 ரூபாய் என அறிவிக்கப்பட்ட பி.எம். கிசான் 2025இலும் அதே 6,000. ஒருவரின் வருமானத்தை விலைவாசி தின்னாதபடி அரசு காக்கிறது. மற்றவருக்குக் கொடுத்ததை விலைவாசி மெல்லத் திரும்பப் பறித்துக்கொள்கிறது.

ஆய்வு மாணவர்களும் இதில் பார்வையாளர்கள் அல்லர். 2023 முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். கல்விக்கான உதவித்தொகை என்பதால் வருமான வரியிலிருந்து விலக்கும் பெறுகிறது. அது நியாயமானது, இன்னும் கூட வேண்டியது. ஆனால் பொதுப்பணத்தில் படித்துக்கொண்டு, மற்றொருவரின் 1,000 ரூபாயை இலவசம் என்றெழுதும் கை சற்றே நடுங்கியிருக்க வேண்டும்.

மாநிலங்களின் கடன் மெய்யான கவலை. ரொக்கம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஈடாகாது என்பதும் உண்மை. அக்கேள்விகளை எழுப்புவோர் துறக்கப்பட்ட வரியையும் அதே பேரேட்டில் எழுதட்டும். ஒரு பக்கத்தை மட்டும் கூட்டிக் காட்டுவது பொருளாதாரம் ஆகாது.

தமிழ்நாட்டின் அரசு மொழியே 'இலவச' என்பதை 2011க்குப் பின் 'விலையில்லா' என்றும், பின்னர் 'உரிமை' என்றும் மாற்றிக்கொண்டது. கற்றறிந்தோரின் ஓய்வறை மட்டும் பழைய சொல்லை விடவில்லை. அடுத்தமுறை "வரி கட்டுவது நாம்" என்னும்போது, அந்த 'நாம்' என்பதில் அறையைக் கூட்டுபவரையும் சேர்த்துச் சொல்லட்டும். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.